உன் வீட்டின் குறைகள், உன் கையெழுத்தில்

மாப்பிள்ளை,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உன் வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தேன். உன் அத்தர் வாசனை வரும் என்று நினைத்தால், வந்தது வத்தல் நெடி. பக்கத்துச் சரக்குக் கிட்டங்கியில் அம்பாரமாகக் குவித்திருக்கிற மிளகாய் வத்தலின் காரம் சுவரைத் தாண்டி, பீரோக் கதவையும் தாண்டி, நீ மடித்து வைத்திருந்த பத்திரங்களுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. ஏழு தும்மல் தும்மினேன். ஏழாவது தும்மலில் பத்திரக் கட்டிலிருந்து ஒரு முழுத்தாள் நழுவிக் காலடியில் விழுந்தது. நீல மை. உன் கையெழுத்து. ‘இந்த வீட்டின் குறைகள்’ என்று தலைப்பு எழுதி, அடியில் அளவுகோல் வைத்து ஒரு கோடும் போட்டிருந்தாய்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் வீட்டை விற்றுக் கொடுக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்தது என்ன, நானே தலையை நீட்டினேன். உன் வீட்டுக்காரி, எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி, மதுரையில் மகள் வீட்டோடு போய்விட்டாள். போன மாதம் ஒருநாள் வந்து வீட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, மக வீட்ல எல்லாரும் தங்கமாத்தான் பாத்துக்கிறாக. ஆனா மருமகன் வந்து டிவி முன்னால உக்காந்தா நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போகணும். இதை வித்துக் குடுத்தீகன்னா அங்கன மாடியில எனக்குன்னு ஒரு ரூம் கட்டிக்கிருவேன். பெருசா வேண்டாம். கதவு வச்ச ரூமா இருந்தாப் போதும்.”

“ஏம்மா, இந்த ஊர்ல நான் வித்துக் குடுக்காத எடம்னா அந்த ரயில்வே ஜங்சன் ஒண்ணுதான். அதையும் யாரும் வெல கேக்கல, அதனால விக்கல” என்றேன்.

நீ போன பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன். அதனாலேயே மனதுக்குள் ஒரு சத்தியம் பண்ணிக்கொண்டேன், அந்தக் கதவு வச்ச ரூமைக் கட்டிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று. சத்தியம் பண்ணிய சூட்டோடு பீரோவைத் திறந்தால் உன் தாள் வந்து காலில் விழுகிறது.

உன்னை அடக்கம் பண்ணிய அன்றைக்குக்கூட நீ எனக்கு இப்படி ஒரு சங்கடத்தைக் கொடுக்கவில்லை. அன்று தெரு முழுக்கக் கூட்டம். முந்நூறு பேரை நான் ஒருத்தனாக வரிசைப்படுத்தி நிறுத்தினேன். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து யாரோ தோளைத் தட்டினார்கள். “அது ஒண்ணுமில்ல, வத்தல் நெடி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஊர் நம்பிவிட்டது.

என் தொழிலும் உன் தொழிலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற தொழில்கள் என்பதை நாம் சிநேகிதமான பிறகுதான் கண்டுபிடித்தோம். நான் வீடு, மனைத் தரகன். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவன். வருடக் கணக்குப் பார்த்தால் பத்தாவது. ஆனால் ஒரு வீட்டை நான் காட்டினால், கட்டிய கொத்தனாரே வந்து இது நான் கட்டிய வீடா என்று சந்தேகப்படுவார். தெற்குப் பார்த்த வீடா, தென்றல் வீடு. சந்து குறுகலா, லாரி வராது, பிள்ளைகள் பத்திரம். கூரை தாழ்வா, கோடையில் மண்பானை மாதிரிக் குளிரும். சுடுகாடு பக்கமா, அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவே கிடையாது. நான் பொய் சொன்னதாக யாரும் சொல்ல முடியாது. நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்வேன், அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அவ்வளவுதான்.

நீ பதிவு அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் மேசை போட்டுப் பத்திரம் எழுதினாய். நான் கூட்டி வருகிற ஆளுக்கெல்லாம் நீதான் எழுதவேண்டும் என்று ஆகிப்போயிற்று. உன்னிடம் ஒரு வழக்கம் உண்டு. இந்த ஜில்லாவில் வேறு எந்தப் பத்திர எழுத்தரிடமும் அது கிடையாது என்று நான் பந்தயம் கட்டுவேன். விற்பவரையும் வாங்குபவரையும் எதிரெதிரே உட்கார வைப்பாய். மேசை விசிறியை நிறுத்துவாய். பேனாவைத் தாளின்மேல் குறுக்காக வைப்பாய், மூடியைக் கழற்ற மாட்டாய். பிறகு விற்பவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்.

“அவுக கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கும்ல. அதைச் சொல்லுங்க.”

விசிறி நின்ற கொட்டகையில் அந்த வாக்கியம் அப்படியே தொங்கும். சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர் கைக்குட்டையை எடுப்பார்கள். நீ பேசாமல் காத்திருப்பாய். வேர்வை தாங்காமலோ மனசாட்சி தாங்காமலோ ஏதோ ஒன்று வெளியே வந்துவிடும். கிணற்றில் பங்கு உண்டு, தம்பி வெளிநாட்டிலிருந்து இன்னும் கையெழுத்துப் போடவில்லை, போர்வெல் வைகாசியில் வற்றிவிடும், இப்படி. வந்த பிறகுதான் நீ மூடியைக் கழற்றுவாய்.

“எதுக்கு மாப்ள இந்த வேலை ஒனக்கு? அவன் கேக்கல, இவன் சொல்லல. ரெண்டு பேருக்கும் சம்மதம். ஊடால நீ யாரு?” என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

நீ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வாய்: “பாத்தாத் தெரியுறதுக்கு அவுக கண்ணு பொறுப்பு மாமா. பாத்தாலும் தெரியாததுக்கு நம்ம வாய்தான் பொறுப்பு.”

பத்திரத்தோடு நீ இன்சூரன்ஸ் ஏஜெண்டாகவும் இருந்தாய். அதிலும் இதே கூத்துதான். எனக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாலிசி போடுகிறேன் என்று நீயே கூப்பிட்டு உட்கார வைத்தாய். விண்ணப்பத்தில் சர்க்கரை உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது.

“இல்லன்னு போடு” என்றேன்.

“உங்களுக்கு ஆறு வருசமா இருக்குல்ல மாமா.”

“அது பழகுன சர்க்கரை. வீட்டு ஆள் மாதிரி. அதைப்போய் சீக்குன்னு எழுதுவியா?”

நீ எழுதினாய். சர்க்கரையை எழுதினாய், நான் குடிக்கிற பீடியை எழுதினாய், திருத்தங்கல் சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்து இடுப்பைப் பிசகிக்கொண்டதை எழுதினாய், என் அப்பா நெஞ்சுவலியில் போனதையும் எழுதினாய். கட்டம் போதாமல் பின்பக்கம் தொடர்ச்சி என்று போட்டு எழுதினாய். படித்துப் பார்த்த எனக்கே என்மேல் பயம் வந்துவிட்டது. தவணை ஏறிப்போச்சு என்று ஒரு வாரம் உன்னைத் திட்டிக்கொண்டு திரிந்தேன். நீ சொன்னது இவ்வளவுதான்: “பத்திரத்துலயாவது அவுக வந்து சுவத்தைத் தட்டிப் பாக்கலாம். இன்சூரன்ஸ்காரன் உங்களைப் பாக்காமலே நம்புறான் மாமா. பாக்காம நம்புறவன்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது.”

பிறகு எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஏழு டாக்டர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். மெட்ராஸிலிருந்து இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர் பறந்து வந்து, எதையாவது மறைத்திருக்கிறேனா என்று துருவிப் பார்க்க உட்கார்ந்தார். உன் விண்ணப்பத்தை முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு மேல உங்ககிட்ட கேக்குறதுக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று எழுந்துவிட்டார். நீ கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தத் திமிர் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பீரோ முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது ஆஸ்பத்திரி இல்லை. எம். புதுப்பட்டி மனை.

உனக்கு மறந்திருக்காது. புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த பேச்சியம்மாள் என்கிற பெண், பள்ளிக்கூடம் போகிற மகளை வைத்துக்கொண்டு வாடகைக் குடிசையில் இருந்தாள். சொந்தமாக நாலு சுவர் எழுப்பவேண்டும் என்று பத்துப் பதினைந்து சீசனாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தாள். நான் ஒரு மனை காட்டினேன். நம் விருதுநகரிலேயே எண்ணெய் வித்து வியாபாரம் பண்ணுகிற ஒருவருக்குச் சொந்தமான இடம். அதை நான் காட்டிய தினுசில் எனக்கே அங்கு குடியேறிவிடலாம் போல இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல், பக்கத்திலேயே பஸ், காற்று என்றால் கொடைக்கானல் தோற்கவேண்டும்.

மனைக்கு அடுத்த வேலிக்குள் வெடிமருந்து அடைக்கிற பழைய பட்டாசு செட்டுகள், சின்னச் சின்னக் கொட்டகைகள், நாலைந்து பூட்டிக் கிடந்தன. பேச்சியம்மாள் அவற்றைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் எத்தனை அடியில், பாம்பு வருமா, பாதை பொதுவா என்றுதான் கேட்டாள். அந்தச் செட்டுகளுக்கு மறுபடி உரிமம் கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள் என்பதும், கிடைத்துவிட்டால் மருந்து வைக்கிற இடத்தைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்கு வீடு கட்ட அனுமதி வராது என்பதும், அது சம்பந்தமாக இட உரிமையாளருக்கு ஒரு கடிதமே வந்திருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். கடிதத்தை நானே படித்திருந்தேன்.

சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மாப்பிள்ளை. இதில் நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. புதுப்பட்டிக்காரியிடம் போய்ப் பக்கத்தில் பட்டாசு செட்டு இருக்கிறது என்று சொல்வதா? மேலே வானம் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஆகிவிடாதா? நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் உள்ள கோளாறு இது. கம்பெனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்ததால், கம்பெனியை ஒரு சேதியாகவே நாம் நினைப்பதில்லை.

அக்ரிமெண்ட் எழுத உன் கொட்டகைக்கு வந்தோம். நீ விசிறியை நிறுத்தினாய். பேனாவைக் குறுக்கே வைத்தாய்.

“அவுக கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கும்ல.”

உரிமையாளர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் முந்திக்கொண்டு காற்றைப் பற்றி ஆரம்பித்தேன்.

“காத்தை அவுகளே வாங்கிக்கிடுவாக மாமா. கேக்காததைச் சொல்லுங்க” என்றாய்.

டீ வந்தது. ஆறிப்போனது. பேச்சியம்மாள் மடியில் ஒரு மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி மருந்துப் பொடி மின்னியது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத பொடி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவன் எப்போது வாயைத் திறந்தேன் என்று எனக்குத் தெரியாது. செட்டு, மனு, கடிதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

உரிமையாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “ஏலே, நீ எனக்குத் தரகனா, இந்தப் பொம்பளைக்குத் தரகனா?”

பேச்சியம்மாள் பையைச் சுருட்டினாள். “பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணாச்சி” என்றாள். அவ்வளவுதான். அவள் படியிறங்கிப் போவதை நானும் நீயும் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ விசிறியைப் போட்டுவிட்டாய்.

உன்னோடு மூன்று மாதம் நான் பேசவில்லை. “நல்லா இருந்த யாவாரத்தைக் கெடுத்திட்டியே” என்று கத்திவிட்டுப் போனேன். “கெட்டுப்போனது யாவாரம்தான மாமா” என்று நீ சொன்னது தெரு முனைவரை கேட்டது. அடுத்த சீசனுக்கு அந்தச் செட்டுகள் திறந்துவிட்டன. உள்ளே நாற்பது பேர் வேலை பார்க்க, பக்கத்து மனை வெறும் வேலிக்காத்தானோடு இன்றும் கிடக்கிறது. அன்று அவள் வாங்கியிருந்தால் அந்த மஞ்சள் பை முழுவதும் அந்த முள்ளுக்குள்தான் கிடந்திருக்கும்.

இது எல்லாம் தெரிந்தும், அந்தச் செவ்வாய்க்கிழமை உன் தாளைப் படித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பின்னே என்ன செய்ய? நீ எழுதி வைத்திருப்பதெல்லாம் சாதாரணமா? மேற்குச் சுவரை ஒட்டி வத்தல் கிட்டங்கி இருப்பதால் மாசி முதல் சித்திரை வரை தும்மல் உண்டு என்று எழுதியிருக்கிறாய். அது போகட்டும், வருகிறவர்கள் வாசலிலேயே தும்மிக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குளிக்கலாம் குடிக்க ஆகாது. மாடி அறையின் வடகிழக்கு மூலை ஐப்பசி மழைக்கு ஒழுகும், மூன்று முறை பூசியும் நிற்கவில்லை. இதையெல்லாம்கூட நான் சமாளிப்பேன். ஆனால் நாலாவதாக எழுதியிருக்கிறாயே, அதுதான் என் கழுத்தைப் பிடித்தது. ‘அடுப்படி இருக்கிற இடம் ஓடைப் புறம்போக்கு. பட்டாவில் சேராது. அரசாங்கம் கேட்கிற நாளில் கொடுத்துவிட வேண்டியது. நான் வாங்கும்போது விற்றவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.’

முப்பது வருடம் அந்த அடுப்படியில் உட்கார்ந்து தங்கச்சி கையால் நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை நீ சொன்னதில்லை. நீ ஏமாந்து வாங்கிய வீட்டைப் பற்றி வாயே திறக்காமல், ஊரில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது என்று விசிறியை நிறுத்திக்கொண்டே இருந்திருக்கிறாய். அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

விளங்கி என்ன பிரயோசனம்? அந்த வரியைப் படித்துக் காட்டினால் வருகிறவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். தங்கச்சி மறுபடி மருமகனின் டிவிக்கு இடம்விட்டு எழுந்து எழுந்து போகவேண்டும். உன்னுடைய நியாயமா, உன் வீட்டுக்காரியின் கதவா என்று என்னை நிறுத்திவிட்டாயே என்று உன்மேல் கோபமாகக்கூட வந்தது.

வியாழக்கிழமை வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸில் வேலை கிடைத்த ஒரு பெண், அம்மாவோடு குடியிருக்க வீடு தேடுகிறாள் என்று மட்டும் தெரியும். போனில் பேசியது மகள். தங்கச்சியும் அன்று மதுரையிலிருந்து வந்திருந்தாள். வாசலில் வந்து நின்ற அம்மாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. கண்ணாடி போட்டிருந்தாள். அவள்தான் முதலில் சிரித்தாள்.

“என்ன அண்ணாச்சி, தெரியலையா? புதுப்பட்டி. கொடைக்கானல் காத்து வித்தீகளே.”

பேச்சியம்மாள். கூட நின்ற செல்வி, அன்று பள்ளிக்கூடம் போன அந்த மகள்.

நான் சுதாரித்துக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு வீட்டை யாருக்கும் காட்டியதில்லை. உன் வீட்டின் சன்னல்களைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பேசினேன். மாடிப்படியைத் தேக்கு என்றேன். கிட்டங்கியைக் காட்டி, “வத்தல் நெடிக்குக் கொசு அண்டாதும்மா, டாக்டர்மாரே சொல்றாக” என்றேன். செல்வி அந்த நேரம் பார்த்துத் தும்மினாள். அடுப்படிக்குள் போனதும் நான் கூரையைக் காட்டிப் பேசினேன், தரையைப் பார்க்கவில்லை. சட்டைப் பைக்குள் உன் தாள் நெஞ்சைக் குத்திக்கொண்டே இருந்தது.

எல்லாம் பார்த்து முடித்துக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். தங்கச்சி சர்பத் கொண்டுவந்து வைத்தாள். பேச்சியம்மாள் தம்ளரைக் கையில் எடுத்தவள் திரும்பக் கீழே வைத்தாள். எழுந்து போய் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சுவிட்சை அணைத்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நான் கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கும்ல. அதைச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை, நீதான் திரும்பி வந்துவிட்டாயோ என்று எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. தங்கச்சி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கதவு வச்ச ரூம் என்று அவள் சொன்னது காதில் ஓடியது. பிறகு பேச்சியம்மாளின் கையைப் பார்த்தேன். வேலையை விட்டு எவ்வளவு நாளாயிற்றோ, நகத்தில் இப்போது பொடி இல்லை. பைக்குள் கைவிட்டுத் தாளை எடுத்தேன்.

“இதை வீட்டுக்காரர் கையாலயே எழுதி வச்சிருக்காரு. நான் படிக்கேன்” என்றேன்.

தும்மலைப் படித்தேன். உப்புத் தண்ணீரைப் படித்தேன். ஒழுகுகிற மூலையைப் படித்தேன். அடுப்படி வரியையும் ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். தங்கச்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பேச்சியம்மாள் மகளைப் பார்த்தாள். செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

“அடுப்படி விசயம் எனக்குத் தெரியும் மாமா. வர்றதுக்கு முந்தியே சர்வே நம்பரை வச்சு வரைபடம் எடுத்துப் பாத்துட்டேன். நீங்க சொல்றீகளான்னு பாப்போம்னு அம்மாதான் சொன்னாக. சொல்லலேன்னா சர்பத்தைக் குடிச்சிட்டுக் கெளம்பிருவோம்னு பேசி வச்சிருந்தோம்.”

“அடிப் பாவிகளா, தெரிஞ்சுக்கிட்டுத்தானா நான் கூரையைக் காட்டும்போது ‘அழகா இருக்கு’ன்னு சொன்னீக?”

“கூரை அழகாத்தான இருக்கு” என்றாள் பேச்சியம்மாள். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினாள். “நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிடாதீக மதினி. ஆயுசெல்லாம் மருந்து செட்டுக்குள்ள உக்காந்தவ நான். அங்கன எது வந்தாலும் சொல்லாமத்தான் வரும். சர்க்கார் இடிக்க வந்தா நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான வரும்? வரட்டும். அன்னைக்கு அடுப்பைத் தூக்கி முன்ரூம்ல வச்சுக்கிறேன். புறம்போக்குக்கு உண்டானதை மட்டும் வெலையில கொறச்சுக்கிடுங்க.”

தங்கச்சி சம்மதம் என்று தலையாட்டினாள். “மாடி ரூம் கொஞ்சம் சின்னதாப் போகும். கதவு இருக்கும்ல” என்றாள் என்னிடம் மெதுவாக.

“பலகைக் கதவே இருக்கும்மா” என்றேன்.

அதோடு முடிந்தது என்று நான் தாளை மடித்தேன். செல்வி விடவில்லை. “அஞ்சாவதா ஒண்ணு எழுதியிருக்கு போலயே மாமா. அதைப் படிக்கலையே.”

அதை நான் செவ்வாய்க்கிழமையே படித்திருந்தேன். அந்தப் பெண் எட்டிப் பிடுங்காத குறை. வேறு வழியில்லாமல் படித்தேன். ‘இந்த வீட்டை என் மாமா ஒருவர் காட்டுவார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளவும். மீதிப் பாதிக்கு நான் ஜவாப்தாரி.’

பேச்சியம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தங்கச்சி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும் சிரித்தேன். உன் கடைசி வாக்கியத்தை நினைத்துப் பார்த்தால் இப்போதும் எனக்குக் காலர் தூக்கிக்கொள்கிறது. இந்த ஊரில் எந்தத் தரகனுக்கு இப்படிப் பாதி ஜாமீன் கிடைத்திருக்கிறது? அசல் தாள் பத்திரத்தோடு பேச்சியம்மாளிடம் போய்விட்டது. ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். இப்போது எந்த வீட்டைக் காட்டினாலும் முதலில் அந்த அஞ்சாவது வரியைத்தான் காட்டுகிறேன். பிறகு விசிறியை நிறுத்துகிறேன். பிறகுதான் தென்றல், கொடைக்கானல் எல்லாம்.

அதனால் இந்த மடலிலும் கழிக்கவேண்டிய பாதியை நானே சொல்லிவிடுகிறேன். நீ பேனா மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். பீரோ முன்னால் தும்மியது இரண்டு தும்மல். ஆஸ்பத்திரியில் நின்ற டாக்டர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர். இன்சூரன்ஸ் அதிகாரி மதுரையிலிருந்தே டவுன் பஸ்ஸில் வந்தார். உன்னோடு மூன்று மாதம் பேசாமல் இருக்க என்னால் முடியுமா? மூன்று நாள். நாலாம் நாள் டீ நேரத்துக்கு உன் கொட்டகையில் இருந்தேன். மாடிப்படி தேக்கு இல்லை, அதைச் செல்வியிடமே அன்று சொல்லிவிட்டேன். உன் அடக்கத்தன்று முந்நூறு பேரை நான் வரிசைப்படுத்தவில்லை. வழியில் நின்ற என் ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, நீ கேட்காத கேள்வி. அன்று என் கண்ணில் தண்ணீர் வந்தது வத்தல் நெடியால் என்று மேலே எழுதியிருக்கிறேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். ஆனால் அன்று காலையிலேயே கிட்டங்கிக்காரர் உனக்காக மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, முன்னால் வந்து தோள் கொடுத்தார். சீசன் இல்லாத நாளில்கூட நெடி அடங்காத அந்தத் தெருவில் அன்றைக்கு ஒரு பொட்டு நெடி இல்லை, மாப்பிள்ளை.